முப்பாட்டன் பெயர் எங்கே இருக்கிறது, தெரியுமா?

இங்கிலாந்தின் ஏதோ ஒரு குக்கிராமம். 400 வருடத்துக்கு முன்னால் அங்கே ஏர் பிடித்துப் பிழைத்த ஒரு கூலிக்காரர். சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது, எழுதப் படிக்கத் தெரியாது, கல்லறைமேல் கல் நடக்கூட வசதி இல்லை. ஆனாலும் அவருடைய வம்சத்தில் இன்றைக்கு இருக்கும் ஒரு பெண் நினைத்தால், அவர் எந்தத் தேதியில் ஞானஸ்நானம் பெற்றார், யாரைக் கட்டினார், எத்தனை பிள்ளைகளைப் பறிகொடுத்தார் என்று வரிவரியாகக் கண்டுபிடித்துவிட முடியும், தெரியுமா? ராஜாக்களுக்குத்தான் வரலாறு உண்டு என்று யார் சொன்னது!

இதற்குப் பிள்ளையார் சுழி போட்டவர் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல். 1538-ல் அவர் ஓர் உத்தரவு போட்டார். நாட்டிலுள்ள ஒவ்வொரு சர்ச்சிலும் ஒரு பதிவேடு இருக்க வேண்டும்; ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்த வாரம் நடந்த ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் அத்தனையையும் பாதிரியார் அதில் எழுத வேண்டும். பதிவேட்டை வைக்க இரண்டு பூட்டு போட்ட பெட்டி. ஒரு சாவி பாதிரியாரிடம், இன்னொன்று சர்ச் நிர்வாகிகளிடம். எழுதத் தவறினால் ஒவ்வொரு தடவைக்கும் 3 ஷில்லிங் 4 பென்ஸ் அபராதம். அந்தப் பணம் சர்ச்சைப் பழுதுபார்க்கப் போகும்!

ஜனங்கள் மிரண்டுபோனார்கள். பெயரை எழுதுகிறார்கள் என்றால் பின்னாலேயே வரி வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. அந்தப் பயம் பொய்யாகவும் போகவில்லை. 1695-ல் ஒரு முறை வரி வந்தது. 1783-ல் மறுபடியும் வந்தது, பதிவேட்டில் ஏறும் ஒவ்வொரு பெயருக்கும் மூன்று பென்ஸ். அது அமலுக்கு வந்த அக்டோபர் 1-க்கு முன்பே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சர்ச்சுக்கு ஓடியவர்கள் ஏராளம். பரம ஏழைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. அதனால்தான் அந்த வருடங்களின் பதிவேடுகளில் பல பெயர்களுக்குப் பக்கத்தில் 'பி' என்ற ஒற்றை ஆங்கில எழுத்து நிற்கிறது. ஏழை என்பதற்கு அடையாளம் அது. 1794-ல் வரியை எடுத்துவிட்டார்கள்.

ஷேக்ஸ்பியர் பிறந்த தேதி எந்த ஆவணத்திலும் கிடையாது, தெரியுமா? இருப்பதெல்லாம் ஸ்ட்ராட்ஃபோர்டு ஹோலி டிரினிட்டி சர்ச் பதிவேட்டில் 1564 ஏப்ரல் 26-ம் தேதிக்கு நேரே லத்தீனில் எழுதிய ஒரு வரி: ஜானின் மகன் வில்லியம் ஞானஸ்நானம் பெற்றான். அவ்வளவுதான். ஏப்ரல் 23 என்று உலகம் கொண்டாடுவது இதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு வைத்துக்கொண்ட நாள். அதே பதிவேட்டில் அடக்கப் பகுதியைத் திருப்புங்கள். அதே 1564, ஜூலை 11. ஒரு பெயருக்குப் பக்கத்தில், 'இங்கே கொள்ளைநோய் தொடங்கியது' என்று மூன்றே லத்தீன் வார்த்தைகள்! மூன்று மாதம்கூட ஆகாத குழந்தை தொட்டிலில் கிடக்கிறது; ஊருக்குள் பிளேக் வந்துவிட்டது. குழந்தை தப்பித்தது நம் எல்லோருடைய அதிர்ஷ்டம்.

நாம் இப்போது பார்க்கிற அந்தப் பதிவேடும் மூலம் அல்ல, நகல். 1598-ல் எலிசபெத் ராணி காலத்தில் இன்னோர் உத்தரவு வந்தது. காகிதத்தில் எழுதிய பழைய பதிவேடுகள் செல்லரித்துப் போகின்றன, எல்லாவற்றையும் தோலில் நகல் எடுங்கள். தொடக்கத்திலிருந்து எடுங்கள், 'முக்கியமாக' ராணி பட்டத்துக்கு வந்த 1558-லிருந்து எடுங்கள் என்று. இந்த ஒரு 'முக்கியமாக' எவ்வளவு பெரிய சேதம் செய்துவிட்டது, பாருங்கள்! பல ஊர்களில் எழுத்தர்கள் அதைப் பிடித்துக்கொண்டு 1558-லிருந்துதான் நகல் எடுத்தார்கள். முதல் இருபது வருடப் பெயர்கள் போனது போனதுதான். ஆனால் அதே உத்தரவு ஒரு நன்மையும் செய்தது. ஒவ்வொரு வருடமும் பதிவேட்டின் பிரதி ஒன்று பிஷப்புக்குப் போக வேண்டும். ஊர்ப் பதிவேடு தீயில் போனாலும் எலி தின்றாலும், பிஷப் அலுவலகப் பிரதியில் பாட்டன் பத்திரமாக இருப்பார்.

இப்போது ஒரு புதிர். ஒரு தம்பதிக்கு 1700 மே மாதம் கல்யாணம். அவர்களுடைய முதல் குழந்தைக்கு ஞானஸ்நானம் 1700 பிப்ரவரி. கல்யாணத்துக்கு முன்பே குழந்தையா? முன்னோரைத் தேடுகிறவர்கள் பலர் இந்த இடத்தில் வாய்விட்டு 'ஐயோ' என்றிருப்பார்கள். விஷயம் என்ன தெரியுமா? அந்தக் காலத்து இங்கிலாந்தில் புதுவருடம் பிறந்தது ஜனவரி 1-ல் இல்லை, மார்ச் 25-ல்! அதனால் மே மாதத்துக்குப் பிறகுதான் '1700 பிப்ரவரி' வரும். நம் கணக்கில் அது 1701. குழந்தை சரியாக ஒன்பதாம் மாதத்தில்தான் வந்திருக்கிறது. இந்தக் குழப்பம் 1752-ல் தீர்ந்தது. அந்த வருடம் செப்டம்பர் 2-ம் தேதி படுத்தவர்கள் மறுநாள் எழுந்தபோது செப்டம்பர் 14! நடுவில் 11 நாள் நாட்காட்டியிலேயே இல்லை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஒரே பெற்றோருக்கு ஜான் என்று ஒரு மகன், மூன்று வருடம் கழித்து மறுபடியும் ஜான் என்று ஒரு மகன். எழுதியவர் தவறு என்று தள்ளிவிடாதீர்கள். முதல் ஜான் இறந்திருப்பான். அவன் பெயரையே அடுத்தவனுக்கு வைத்திருப்பார்கள். அடக்கப் பதிவேட்டில் தேடினால் பெரும்பாலும் அந்தச் சின்ன ஜான் அங்கே இருப்பான்.

எல்லாப் பாதிரியார்களும் ஒரு வரியோடு நிறுத்திக்கொள்ளவில்லை. யார்க்ஷயரில் வில்லியம் டேட் என்ற பாதிரியார் இருந்தார். அவர் வகுத்த முறை 1777-லிருந்து அந்த வட்டாரத்தில் பரவியது. அந்த முறைப்படி எழுதிய ஒரு ஞானஸ்நானப் பதிவைப் பார்த்தால் கண் விரியும். குழந்தையின் பெயர், எத்தனையாவது பிள்ளை, பிறந்த நாள், அப்பாவின் தொழில், அப்பாவைப் பெற்றவர்கள், அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர், அம்மாவைப் பெற்றவர்கள், அவர்கள் எந்த ஊர், என்ன தொழில்! ஒரே பதிவில் மூன்று தலைமுறை. அடக்கப் பதிவில் என்ன நோயில் இறந்தார் என்பதும் உண்டு. வேலைப் பளு தாங்காமல் பல பாதிரியார்கள் இதை எதிர்த்தார்கள். 1813-ல் நாடு முழுக்க அச்சடித்த படிவம் வந்ததும் இந்த முறை மறைந்துவிட்டது. எனக்கு இதுதான் பெரிய நஷ்டமாகத் தெரிகிறது. டேட் மாதிரி ஊருக்கு ஒருவர் இருந்திருந்தால் எத்தனை பாட்டிகளின் பிறந்த வீடு இன்றைக்குத் தெரிந்திருக்கும்!

1754-லிருந்து மணமக்கள் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும் என்று சட்டம் வந்தது. எழுதத் தெரியாதவர்கள் ஒரு பெருக்கல் குறி போட்டார்கள். அந்தக் குறிகளை எண்ணியே அக்கால மக்களின் எழுத்தறிவை ஆய்வாளர்கள் கணக்கிட்டுவிட்டார்கள். ஆண்களில் சுமார் 60 சதவீதம் பேர் கையெழுத்துப் போட்டார்கள், பெண்களில் 40 சதவீதத்துக்குள்தான். ரிக்லி, ஸ்கோஃபீல்டு என்ற இரண்டு அறிஞர்கள் 404 ஊர்ச் சர்ச்சுகளின் பதிவேடுகளை எண்ணி, 1541 முதல் 1871 வரை இங்கிலாந்தின் மக்கள்தொகை ஏறி இறங்கிய கதையையே எழுதினார்கள். அதில் பெரும்பகுதியை எண்ணிக் கொடுத்தவர்கள் அந்தந்த ஊர்த் தன்னார்வலர்கள்!

அப்பா அம்மா யாரென்றே தெரியாத குழந்தைகள்? அவர்களும் பதிவேட்டில் இருக்கிறார்கள். லண்டனில் டெம்பிள் பகுதியில் விட்டுச்செல்லப்பட்ட குழந்தைகளுக்கு 'டெம்பிள்' என்பதையே குடும்பப் பெயராக வைத்தார்கள். கண்டெடுத்த இடமே பரம்பரை ஆனது! 1741-ல் லண்டனில் ஃபவுண்ட்லிங் ஹாஸ்பிட்டல் என்ற ஆதரவற்ற குழந்தைகள் இல்லம் திறந்தது. அங்கே தாய்மார்கள் குழந்தையை ஒப்படைக்கும் நேரத்தில் ஓர் அடையாளம் விட்டுச் செல்வது வழக்கம். பெரும்பாலும் அது ஒரு துண்டுத் துணி. பூப்போட்ட பருத்தித் துணி, ஒரு ரிப்பன், குழந்தையின் சட்டைக் கையிலிருந்து வெட்டிய ஒரு சதுரம். அதைச் சேர்க்கைப் படிவத்தில் குண்டூசியால் குத்தி வைப்பார்கள். பின்னாளில் அதே துணியின் மறுபாதியைக் கொண்டுவந்து காட்டினால் குழந்தையைத் திரும்பப் பெறலாம். 1760 வரை சேர்ந்த குழந்தைகள் 16,000-க்கு மேல். தாய் திரும்ப வந்து வாங்கிப்போனது 152 பேரை. அந்தத் துணிகள் சாயம்கூட வெளுக்காமல் இன்றும் லண்டன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அந்நூற்றாண்டின் ஏழைப் பெண்கள் என்ன துணி உடுத்தினார்கள் என்பதற்கு இதைவிடப் பெரிய சேகரிப்பு பிரிட்டனில் இல்லை!

சர்ச் பதிவேட்டை விட்டு சென்சஸுக்கு வருவோம். பிரிட்டனில் முதல் கணக்கெடுப்பு 1801-ல். ஆனால் அது தலை எண்ணுகிற வேலைதான், பெயர் கேட்கவில்லை. ஒவ்வொருவர் பெயரையும் எழுதியது 1841-ல், அதுவும் பென்சிலில்! 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். 34 வயதுக்காரர் 30 ஆவார், 59 வயதுக்காரர் 55 ஆவார். இது தெரியாமல் தேடினால் பாட்டனைத் தாண்டிப் போய்விடுவோம். 1851-லிருந்து சரியான வயது, குடும்பத் தலைவருக்கு என்ன உறவு, எந்த ஊரில் பிறந்தவர் என்ற விவரம் எல்லாம் வந்துவிட்டது. பிறந்த ஊர் கிடைத்தால் போதுமே, நேரே அந்த ஊர்ச் சர்ச் பதிவேட்டுக்குப் போய்விடலாம். முன்னோரைத் தேடுகிறவர்களுக்கு 1851 பொன்னான வருடம் என்பது இதனால்தான்.

காதில் விழுந்தபடி பெயரை எழுதியதில் நடந்த கூத்துகளுக்குக் கணக்கே இல்லை. அந்த 1851-ல் லண்டன் சோஹோ, டீன் தெருவில் குடியிருந்த ஒரு ஜெர்மன் அகதியின் பெயரை 'சார்ல்ஸ் மார்க்' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அவர் யார் தெரியுமா? கார்ல் மார்க்ஸ்!

1911 கணக்கெடுப்பில் ஒரு புதுமை. குடும்பத் தலைவர் தம் கையால் நிரப்பிய படிவங்களே பாதுகாக்கப்பட்டன. அதாவது கொள்ளுத்தாத்தாவின் கையெழுத்தையே இன்று பார்க்கலாம். கல்யாணமான பெண்களுக்கு அந்த வருடம் புதுக் கேள்வி: எத்தனை வருடத் தாம்பத்தியம், பிறந்த பிள்ளைகள் எத்தனை, உயிரோடு எத்தனை, இறந்தது எத்தனை. கணவன் உயிரோடு உள்ளவர்கள் மட்டும் பதில் சொன்னால் போதும். ஆனால் விதவைகளும் எழுதினார்கள். எத்தனை பெற்றோம், எத்தனை இழந்தோம் என்று எழுதாமல் விட அவர்களுக்கு மனம் வரவில்லையோ என்னவோ. அதிகாரிகள் விதிப்படி அதைச் சிவப்பு மையால் கோடு போட்டு அடித்தார்கள். அடித்த கோட்டுக்கு அடியில் எண்கள் இன்றும் பளிச்சென்று தெரிகின்றன. எந்தச் சட்டமும் கேட்காத அந்தப் பதிலால் பல குடும்பங்களுக்குத் தங்கள் வம்சத்தில் மறைந்துபோன குழந்தைகளின் எண்ணிக்கை தெரியவந்தது.

அதே 1911 ஏப்ரல் 2 இரவு, ஓட்டுரிமை கேட்ட பெண்கள் கணக்கெடுப்பைப் புறக்கணித்தார்கள். ஓட்டு இல்லை என்றால் கணக்கும் இல்லை! பல பெண்கள் இரவெல்லாம் வீட்டுக்கு வெளியே சுற்றினார்கள். எமிலி வைல்டிங் டேவிசன் இன்னும் துணிந்தார். நாடாளுமன்றக் கட்டடத்தின் அடித்தளத்தில் உள்ள தேவாலயத்தில், துடைப்பம் வைக்கும் அலமாரிக்குள் போய் ஒளிந்துகொண்டார். அன்றிரவு என் முகவரி நாடாளுமன்றம் என்று சொல்ல வேண்டும் என்பது அவர் எண்ணம். அவரைக் கண்டுபிடித்து, ஒளிந்திருந்த இடத்தோடு படிவத்தில் எழுதிவிட்டார்கள். அவர் குடியிருந்த வீட்டிலும் அவர் பெயரை எழுதிவிட்டார்கள். ஆக, அந்த வருடம் அவர் கணக்கில் இரண்டு பேர்! 1991-ல் டோனி பென் என்ற எம்.பி. அந்த அலமாரிக்குள் அவருக்கு ஒரு நினைவுப் பலகை வைத்தார்.

1921 கணக்கெடுப்பு நூறு வருடம் பூட்டி வைத்துப் பிறகு 2022 ஜனவரியில் திறந்தது. அடுத்தது எப்போது? 2052-ல்தான்! ஏன் தெரியுமா? இங்கிலாந்து, வேல்ஸின் 1931 படிவங்கள் முழுவதும் 1942 டிசம்பரில் ஹேய்ஸ் என்ற ஊரில் கிடங்கு தீப்பிடித்து எரிந்துபோயின. போர் நடந்த காலம்தான், ஆனால் குண்டு விழுந்து எரிந்ததல்ல. 1941-ல் போரால் கணக்கெடுப்பே நடக்கவில்லை. மிஞ்சியது 1951. இந்த ஓட்டையை ஓரளவு அடைப்பது 1939 செப்டம்பர் 29-ல் அடையாள அட்டைக்காக எடுத்த பதிவேடு. அதைப் பிறகு பல வருடம் பயன்படுத்தியதால், கல்யாணமான பெண்களின் புதுக் குடும்பப் பெயரையும் வேறு மையில் மேலே எழுதி வைத்திருக்கிறார்கள்.

அயர்லாந்தின் கதை இன்னும் நெஞ்சை உலுக்கும். 1881, 1891 படிவங்களை முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதத் தட்டுப்பாட்டுக்காக அரசே கூழாக்கியது. 1821 முதல் 1851 வரையிலான படிவங்களில் பெரும்பாலானவை டப்ளின் 'ஃபோர் கோர்ட்ஸ்' வளாகத்தில் இருந்த ஆவணக் காப்பகத்தோடு 1922 ஜூன் 30-ல் உள்நாட்டுப் போரில் வெடித்து எரிந்தன. கருகிய காகிதத் துண்டுகள் நகரத்தின் மேல் பறந்து விழுந்தன. ஏழு நூற்றாண்டு ஆவணங்கள்! ஆனால் ஒரு சிறு பகுதி தப்பித்தது, அதுவும் முதியோர் பென்ஷனின் புண்ணியத்தில். 1909 ஜனவரியில் 70 வயதானவர்களுக்கு பென்ஷன் வந்தது. அயர்லாந்தில் பிறப்புப் பதிவு தொடங்கியதே 1864-ல்தான். கிழவர்கள் வயதை எப்படி நிரூபிப்பார்கள்? 'எங்கள் அப்பா இன்னார், அம்மா இன்னார், ஊர் இது' என்று எழுதிக் கொடுத்தார்கள். அலுவலர்கள் 1841, 1851 சென்சஸ் ஏடுகளைப் புரட்டி, அந்தக் குடிசையில் குழந்தையாக அவர் பெயர் இருக்கிறதா என்று பார்த்து விவரத்தை எழுதி வைத்தார்கள். மூல ஏடுகள் சாம்பலாகிவிட்டன. பென்ஷன் தாள்கள் இருக்கின்றன. 1845-ல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்கு முன்னால் அந்தக் குடும்பம் எப்படி இருந்தது என்பதற்குப் பல வீடுகளில் அதுதான் மிச்சம்.

அமெரிக்காவிலும் இதே கதை நடந்தது! 1935-ல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் முதியவர்களின் வயதைச் சரிபார்க்க 1880 சென்சஸுக்கு அட்டவணை போட்டார்கள், பத்து வயதுக்குள் குழந்தைகள் இருந்த வீடுகளுக்கு மட்டும். ஸ்மித் என்றாலும் ஸ்மைத் என்றாலும் ஒரே எண் வரும்படி ஒலியை எண்ணாக்கும் 'சவுண்டெக்ஸ்' முறை அதற்குக் கைகொடுத்தது.

அங்கே ஒரு பெருங்கொடுமையும் உண்டு. 1850, 1860 கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்குத் தனி அட்டவணை. எஜமானன் பெயர் இருக்கும். அடியில் வயது, ஆண் பெண், நிறம். பெயர் இருக்காது! லட்சக்கணக்கான கறுப்பினக் குடும்பங்களுக்கு 1870 சென்சஸ்தான் பெயரோடு வரும் முதல் ஏடு. அதற்குப் பின்னால் போவது மலையேறுவது மாதிரி. உதவிக்கு வருபவற்றில் ஒன்று, விடுதலை பெற்றவர்களுக்காக 1865-ல் தொடங்கி 1874-ல் மூடிய ஒரு சேமிப்பு வங்கியின் பேரேடு. கணக்குத் தொடங்கும்போது அப்பா, அம்மா, உடன்பிறந்தார் பெயர்களைக் கேட்டு எழுதியிருக்கிறார்கள், விற்கப்பட்டுப் பிரிந்துபோனவர்கள் உட்பட. அந்தப் பேரேட்டிலிருந்து சுமார் 4,80,000 பெயர்களைத் தேடும்படி தொகுத்தவர்கள் யார் தெரியுமா? யூட்டா மாநிலச் சிறைக் கைதிகள்! 11 வருடம் உழைத்து முடித்து, 2001-ல் வெளியானது. என்னைக் கேட்டால், இந்தத் துறையில் நடந்த ஆகப் பெரிய காரியம் இதுதான்.

அதே யூட்டாவில் கருங்கல் மலையைக் குடைந்து மார்மன் சபை ஒரு காப்பறை வைத்திருக்கிறது. உலகெங்கும் போய் 1938-லிருந்து படம்பிடித்த பதிவேடுகள், 24 லட்சம் மைக்ரோஃபிலிம் சுருள்! 2021-ல் அத்தனையையும் கணினிக்கு மாற்றி முடித்தார்கள். 'ஃபேமிலிசர்ச்' தளத்தில் இலவசமாகத் தேடலாம்.

நம் ஊர் என்ன நிலை? இந்தியாவில் 1881-லிருந்து பத்து வருடத்துக்கு ஒரு முறை ஒழுங்காகக் கணக்கெடுத்தார்கள். ஆனால் எண்களைக் கூட்டி முடித்ததும் வீட்டுப் படிவங்களை அழித்துவிட்டார்கள். 1891-ல் நம் தெருவில் யார் யார் இருந்தார்கள் என்று சென்சஸைக் கேட்டால் பதில் கிடைக்காது. பதிவேடு இருப்பது சர்ச்சுகளில். சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் 1680-ல் திறந்த செயின்ட் மேரி சர்ச்சின் பதிவேடுகள் அந்த வருடமே தொடங்குகின்றன. முதல் கல்யாணம், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குத் தன் பெயரைக் கொடுத்த எலிஹு யேல் உடையது. 1753-ல் ராபர்ட் கிளைவின் கல்யாணமும் இங்கேதான். சென்னை மாகாணச் சர்ச்சுகளின் பிரதிகள் கம்பெனி காலத்திலேயே லண்டனுக்குப் போயின. இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன.

தமிழர்களுக்கு இன்னொரு பெரிய புதையல் தென்னாப்பிரிக்காவில் இருக்கிறது, தெரியுமா? 1860 நவம்பர் 16-ல் 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து 342 பேரோடு டர்பன் போய்ச் சேர்ந்தது. அன்றிலிருந்து 1911 வரை கரும்புத் தோட்டத்துக்கும் பிற வேலைகளுக்கும் நேட்டால் போன ஒப்பந்தக் கூலிகள் 1,52,184 பேர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். அந்த எண்ணுக்கு நேரே பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு வரை! ஆளை அடையாளம் பிடிக்கத்தான் எழுதினார்கள், அன்பினால் அல்ல. ஆனால் வட ஆற்காட்டிலும் செங்கல்பட்டிலும் அந்தக் காலத்தில் ஊரிலேயே தங்கிவிட்ட ஒரு கூலிக்காரரைப் பற்றி இவ்வளவு விவரம் நமக்குக் கிடைக்காது. அந்தக் கப்பல் பட்டியல்கள் இப்போது கணினியில் ஏறிவிட்டன. நேட்டாலில் பிறந்த பிள்ளைகளின் பழைய சான்றிதழ்களில் பெற்றோரின் இந்த எண் குறித்திருக்கும். டர்பனில் யாராவது சொந்தக்காரர் இருந்தால் முதலில் அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். ஊர்ப் பெயரை வெள்ளைக்கார எழுத்தர் தன் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். வாய்விட்டு நாலு விதமாகப் படித்துப் பாருங்கள், அது நம் பக்கத்து ஊராகவே இருக்கலாம்!